புத்தகத்தைத் திறக்க முன்னரே

கடந்த மாரிகாலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பின்னேரம், நியூ ஜேர்சி மாநிலத்தின் எடிசன் நகரில், நண்பர் ஒருவரது வீட்டின் நிலக்கீழ் அறையில் பதினொரு பேர் கூடினோம். 'அண்மையில் வாசித்த நூல்கள்: ஒரு கருத்துப் பரிமாறல்' என்பது அழைப்பிலிருந்த தலைப்பு. ஒருவருக்குப் பத்து நிமிடம். இடையில் தேத்தண்ணியும் றோல்சும். நான் இரவு வேலை முடித்து, நான்கு மணித்தியாலம் உறங்கிவிட்டு அங்கு போயிருந்தேன். கூட்டங்களில் குறிப்பெடுப்பது விரிவுரையாளனாக இருந்த காலத்திலிருந்து என்னைவிட்டுப் போகாத பழக்கம். அன்றும் எடுத்தேன்.

ஒன்பது பேர் பேசினார்கள். அடுத்த நாள் வேலைக்குப் போகுமுன் அந்தக் குறிப்புகளைப் புரட்டியபோது ஒரு விடயம் கண்ணில் பட்டது. நூலின் உள்ளே நடக்கும் ஒரு சம்பவத்தையாவது, ஒரு பாத்திரத்தின் பெயரையாவது, ஒரு வாதத்தையாவது எடுத்துச் சொன்னவர்கள் மூவர். சயந்தனின் 'ஆதிரை' பற்றிப் பேசியவர், மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய மக்களை அந்நாவல் எவ்வாறு கதையின் நடுவில் நிறுத்துகிறது என்று விளக்கினார். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கு கணினித்துறையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் பெருமாள்முருகனின் 'பூக்குழி' பற்றிப் பேசினார். சாதி மாறிக் கலியாணம் செய்துகொண்டு கிராமத்துக்கு வந்த பெண்ணை அந்தக் கிராமம் பார்க்கும் பார்வையைப் பற்றியே பத்து நிமிடமும் பேசினார். மூன்றாமவர் ஒரு கவிதைத் தொகுதியை வரி வரியாக எடுத்துப் பேசினார்.

எஞ்சிய ஆறு பேரும் நூலாசிரியர்களைப் பற்றிப் பேசினார்கள். அவர் எந்த இயக்கத்திலிருந்தவர், எப்போது விலகினார், முன்னுரை எழுதியவர் யார், வெளியீட்டு விழாவில் மேடையில் இருந்தவர்கள் யார், யார் வரவில்லை, பேட்டியில் என்ன சொன்னார், சொல்லாமல் விட்டது என்ன. இவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவை அல்ல என்று நான் வாதிடவில்லை. ஆனால் இவற்றைச் சொல்வதற்குப் புத்தகத்தைத் திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் எனது பிரச்சினை.

அந்த ஆறு பேரில் நானும் ஒருவன்.

1

நான் பேசியது வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைற்' என்ற ஆங்கில நாவலைப் பற்றி. 'சகோதரர் இல்லாத இரவு' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். 2023இல் வெளிவந்தது. 2024இல் பிரித்தானியாவின் பெண்களுக்கான புனைகதைப் பரிசையும், வட அமெரிக்காவின் கரோல் ஷீல்ட்ஸ் பரிசையும் பெற்றது. ஆசிரியர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர். இந்நாவலை எழுதி முடிக்க ஏறத்தாழ இருபது வருடங்கள் எடுத்துக்கொண்டவர்.

கூட்டத்தன்று அந்நாவலில் நாற்பது பக்கங்களே வாசித்திருந்தேன். அவற்றோடு ஒரு பேட்டியும் பரிசுச் செய்தியும். ஆனால் பத்து நிமிடமும் தடையின்றிப் பேசினேன். எமது துயரம் மேற்குலகின் பதிப்புச் சந்தையில் பண்டமாவது பற்றிச் சொன்னேன். எல்லாத் தரப்பையும் ஒரே தராசில் வைத்து எடைபோடும் தாராளவாத நியாயம் பற்றிச் சொன்னேன். அங்கு வாழாதவர் எழுதுவதில் உள்ள இடைவெளி பற்றிச் சொன்னேன். இவ்வளவையும் வேறு எந்த நூலுக்கும் ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லியிருக்கலாம். கைதட்டினார்கள்.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் வீட்டுக்காரரின் மகள், தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்கக் கீழே வந்திருந்தாள். பேச்சின் கடைசிப் பகுதியைப் படியில் நின்று கேட்டிருக்கிறாள். என் கோப்பையை எடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "அங்கிள், அந்த அஞ்சலியின்ர வாசிப்பு வட்டத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைச்சீங்கள்?"

அஞ்சலி யார் என்பது எனக்குத் தெரியாது. "அது முக்கியமான பகுதிதான் பிள்ளை" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு "ஓம் அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளுடன் மேலே போய்விட்டாள். விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கிவிட்டது. பதினைந்து வருடம் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். வாசிக்காமல் எழுதிய விடையை எத்தனையாவது வரியில் பிடிக்கலாம் என்று எனக்குத் தெரியும். அவள் முதல் வரியிலேயே பிடித்துவிட்டாள். பெரியவன் என்ற மரியாதையில் சபையில் சொல்லாமல் விட்டாள்.

2

அடுத்த மூன்று கிழமைகளில் அந்நாவலை முழுமையாக வாசித்தேன். நான் வேலை செய்யும் இடத்தில் போத்தல்களில் ஷாம்பு நிரப்புகிறோம். மூடி திருகி, லேபல் ஒட்டி, பெட்டியில் அடுக்கவேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் பத்துப் பக்கம், சில நாட்களில் பன்னிரண்டு.

எனது வரிசையில் நிற்கும் குவாத்தமாலா நாட்டுப் பெண் ஒருநாள் புத்தகத்தைச் சுட்டி என்ன கதை என்று கேட்டார். எங்கள் ஊரில் நடந்த யுத்தம், ஒரு பெண், அவளுக்கு நான்கு சகோதரர்கள் என்று எனது ஆங்கிலத்தில் அவரது ஆங்கிலத்துக்குச் சொன்னேன். அவரது நாட்டிலும் 1960 தொடக்கம் 1996 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. அவர் அடுத்துக் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "அந்தப் பெண் உயிரோடு தப்புகிறாளா?"

எடிசன் கூட்டத்தில் பேசிய எங்களில் எவருக்கும் இப்படி ஒரு கேள்வி தோன்றவில்லை. எழுதியவர் எந்தப் பக்கம் என்பதே எமது முதற் கேள்வியாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு எமது பக்கங்கள் எதுவும் தெரியாது. ஆகவே அவருக்குக் கதைக்குள் நேராகப் போக முடிந்தது.

3

இப்போது நூலைப் பற்றிச் சொல்கிறேன். இம்முறை வாசித்துவிட்டுச் சொல்கிறேன்.

கதையைச் சொல்பவள் சசிகலா. யாழ்ப்பாணத்தில் வைத்தியராகும் கனவுடன் படிப்பவள். கதை 1981இல் தொடங்குகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்ட வருடம் அது. 1983 யூலையில் கொழும்பில் மூத்த அண்ணன் கொல்லப்படுகிறான். இரு சகோதரர்கள் இயக்கத்துக்குப் போகிறார்கள். சிறுவயது முதல் அவள் மனதிலிருக்கும் 'கே' என்ற அயல்வீட்டுப் பையனும் போகிறான். அவள் மருத்துவ மாணவியாக இருந்துகொண்டே இயக்கத்தின் கள மருத்துவமனையில் காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்கிறாள். பிறகு, உடற்கூற்றியல் பேராசிரியரான அஞ்சலியுடன் சேர்ந்து, இலங்கை இராணுவம், இந்தியப் படை, இயக்கங்கள் என்று எவர் செய்த கொடுமையையும் பதிவு செய்யும் வேலையில் இறங்குகிறாள்.

அஞ்சலியின் பாத்திரத்துக்கு ஊக்கமாக இருந்தவர் ரஜினி திராணகம என்பதை ஆசிரியரே கூறியிருக்கிறார். யாழ். பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ரஜினி, 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தைந்து.

அந்தப் பிள்ளை கேட்ட வாசிப்பு வட்டம் இங்குதான் வருகிறது. அஞ்சலி தன் மாணவிகளையும் சில பெண்களையும் கூட்டி நூல்களை வாசித்துப் பேசவைக்கிறார். யுத்தத்தின் நடுவே, வெளியில் ஊரடங்கும் சுற்றிவளைப்பும் நடக்கும் காலத்தில், சில பெண்கள் ஓர் அறையிலிருந்து புத்தகம் பற்றி அபிப்பிராயம் சொல்கிறார்கள், மறுக்கிறார்கள், தங்கள் வாழ்க்கையை அந்தப் பக்கங்களோடு பொருத்திப் பார்க்கிறார்கள். பின்னால் சசிகலா எடுக்கும் துணிவான முடிவுகளுக்கெல்லாம் பயிற்சி அந்த அறையில்தான் நடந்தது என்று நான் வாசிக்கிறேன். அச்சிட்ட பக்கத்தை நேராகப் பார்த்து உள்ளதைச் சொல்லப் பழகியவர்களே, பின்னர் தெருவில் கிடந்த உடலையும் நேராகப் பார்த்து உள்ளதை எழுதினார்கள்.

எனது பத்து நிமிடப் பேச்சில் நான் வைத்த குற்றச்சாட்டு, நாவல் எல்லாத் தரப்பையும் சமமாக எடைபோட்டுத் தன் கையைக் கழுவுகிறது என்பது. வாசித்தபின் அது பொய் என்று காண்கிறேன். சசிகலா கை கழுவுபவள் அல்ல. கே சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கும்போது அவள் அருகில் இருக்கிறாள். 1987இன் திலீபனை நினையாமல் அந்த அத்தியாயத்தை எங்களில் யாரும் வாசிக்க முடியாது. ஒரு சாவைப் பார்த்துக்கொண்டிருந்த குற்றமும், அந்தச் சாவின் மீதான அன்பும் அவளிடம் ஒன்றாகவே இருக்கின்றன. அவள் தனக்கு மன்னிப்பு எழுதிக்கொள்ளவில்லை. நாவலின் பலம் இதுதான்.

குறைகளும் உண்டு. அவளது குரல் திரும்பத் திரும்ப 'நீங்கள்' என்று வாசகரை விளித்து, தன் இடத்தில் நின்று பார்க்கச் சொல்கிறது. அந்த 'நீங்கள்' பெரும்பாலும் யாழ்ப்பாணம் எங்கிருக்கிறது என்று தெரியாத அமெரிக்க வாசகர். அந்த இடத்தில் நின்றே வந்த என்னைப் போன்றவனுக்கு, சொந்த வீட்டைச் சுற்றுலாக்காரருடன் வரிசையில் நின்று பார்ப்பது போன்ற ஒரு கூச்சம் வருகிறது. உரையாடல்களில் யாழ்ப்பாணத்தின் பேச்சு வேறுபாடுகள் ஒரே சீரான ஆங்கிலத்துக்குள் மறைந்துவிடுகின்றன. எல்லாவற்றையும்விட, கே. டானியலின் 'பஞ்சமர்' முதலான நாவல்களை வாசித்து வளர்ந்த ஒருவருக்கு, இந்த யாழ்ப்பாணத்தில் சாதியின் குரல் மிகத் தாழ்ந்தே கேட்கிறது. படித்த நடுத்தர வர்க்கக் குடும்பம் ஒன்றின் முற்றத்திலிருந்து பார்த்த யுத்தம் இது. முற்றத்துக்கு வெளியே நின்றவர்களின் கதை வேறு.

இந்தக் குறைகளைச் சொல்ல எனக்கு இப்போது உரிமை உண்டு. கூட்டத்தன்று இருக்கவில்லை.

4

வாசிக்காமலே அபிப்பிராயம் சொல்லும் இந்தப் பழக்கம் எமக்கு எங்கிருந்து வந்தது? சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது முழு உண்மையல்ல என்று நினைக்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்தில் மாணவன். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் தாளுக்குத் தட்டுப்பாடு. பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அந்தக் காலத்தில் ஒரு நூலோ துண்டுப்பிரசுரமோ கைக்கு வந்தால், முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்போம். யார் எழுதியது, யார் அடித்தது, யார் கையிலிருந்து வந்தது? உள்ளே என்ன இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான். சில வேளை அதற்கு வராமலே நூல் அடுத்த கைக்குப் போய்விடும். அது உயிரைக் காக்கும் அறிவு. அதை நான் இன்றும் கேலி செய்யமாட்டேன்.

1991ஆம் வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வருடம் மே மாதத்தில் கவிஞர் சிவரமணி தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். ஓகஸ்ட் மாதத்தில் கவிஞர் செல்வி விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. அதே வருடத்தில் பரந்தனைச் சேர்ந்த சிவகாமி என்ற மாணவி இயக்கத்தில் சேர்ந்தார். பின்னர் தமிழினி என்ற பெயரில் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளரானார். மூவரும் ஏறக்குறைய எனது தலைமுறையினர். எழுத்தும் மௌனமும் ஆயுதமும் என்று எம் முன் இருந்த வழிகளெல்லாம் அந்த ஒரே வருடத்தில் இருந்தன.

புகலிடமும் அச்சமற்ற இடமாக இருக்கவில்லை. 1988இல் ஜேர்மனியில் இலக்கியச் சந்திப்பைத் தொடங்கியவர்கள், மாறுபட்ட கருத்துள்ளவர்கள் ஒரே அறையிலிருந்து பேசலாம் என்று நம்பித்தான் தொடங்கினார்கள். 1994 மே முதலாம் திகதி பாரிசில் சபாலிங்கம் தன் வீட்டில் வைத்தே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு புத்தகத்துக்கான தயாரிப்பும் உயிரை எடுக்கலாம் என்று அன்று ஐரோப்பாவிலும் தெரிந்துகொண்டோம். அதன் பின்னரும் அச்சந்திப்பு நாடு நாடாகத் தொடர்ந்தது. 2013 யூலையில் அதன் 41ஆவது கூட்டம் யாழ்ப்பாணத்திலேயே நடந்தது.

ஆகவே, புத்தகத்தைத் திறக்க முன்னர் எழுதியவரின் பக்கத்தைக் கண்டுபிடிக்கும் பழக்கம் அச்சத்தின் பிள்ளை. எனது கேள்வி இதுதான்: அச்சம் போன பிறகும் ஏன் அந்தப் பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்கிறோம்? எடிசனில் எமது கதவை நள்ளிரவில் தட்ட யாரும் வரப்போவதில்லை. ஊரிலுள்ள உறவுகளை எண்ணி நாக்கைக் கடித்துக்கொள்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று பேசிய ஆறு பேரும் அச்சத்தினால் அப்படிப் பேசவில்லை. மிகத் துணிவாகவே பேசினோம். ஒரு காலத்தில் தப்பிப் பிழைக்க உதவிய தந்திரம், இன்று இலக்கிய விமர்சனம் என்ற பெயரில் உலாவுகிறது.

5

எனது பங்கை இங்கு சொல்லாமல் விட்டால் இக்கட்டுரையும் அந்தப் பத்து நிமிடப் பேச்சைப் போன்றதாகிவிடும்.

2003ஆம் வருடம், சமாதான காலம். நான் விரிவுரையாளர். இறுதி வருட மாணவி ஒருவர் யுத்தமும் பெண்களும் பற்றிய தன் ஆய்வேட்டைக் கொண்டுவந்தார். அதில் ஓர் அடிக்குறிப்பு 'முறிந்த பனை' நூலைக் காட்டியது. ரஜினி திராணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோர் எழுதிய நூல். ரஜினி கொல்லப்பட்டதற்கு அடுத்த வருடம், 1990இல், அதன் ஆங்கில மூலம் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கிளெயர்மொன்ற் நகரிலிருந்து வெளியானது. இந்திய இராணுவ காலத்தில் பெண்கள் அனுபவித்ததை ரஜினி எழுதிய அத்தியாயத்தைத்தான் அந்த மாணவி எடுத்தாண்டிருந்தார். அவரது தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான ஆதாரம் இல்லை.

"இந்த அடிக்குறிப்பை எடுத்துவிடும்" என்றேன்.

"ஏன் சேர், பிழையோ?"

"பிழை எண்டில்லை. தேவையில்லை."

அவர் எடுத்துவிட்டார். அடிக்குறிப்பு போனதும் அதன் மேல் நின்ற பந்தியும் போகவேண்டி வந்தது. அதனால் ஆய்வேட்டின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்துக்காக நானே ஐந்து புள்ளி குறைத்தேன்.

அந்த நூலை நான் அதுவரை வாசித்திருக்கவில்லை. அது யாருடைய நூல், யாருக்கு உதவும் நூல் என்பது பற்றி மாணவ காலம் முதல் எனக்கு உறுதியான அபிப்பிராயம் மட்டும் இருந்தது. மாணவியின் பாதுகாப்புக்காகச் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை இருக்கலாம். மறுபாதி, எனது அறையின் கதவுக்குள் அந்த நூலின் பெயர் இருக்கவே எனக்கு விருப்பமில்லை என்பது.

இங்கு அகதியாக வந்து, தொழிற்சாலையில் சேர்ந்து, என்னை யாரும் 'சேர்' என்று கூப்பிடாத இடத்தில்தான் 'முறிந்த பனை'யை முதன்முறையாக வாசித்தேன். அதனோடு எனக்கு முரண்பாடுகள் உண்டு. சமூகத்தின் மௌனத்தை, குறிப்பாகப் படித்தவர்களின் மௌனத்தை, அது கண்டிக்கும் இடங்களில் அச்சத்தின் பாரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறதோ என்று தோன்றியது. அந்த வரியை எழுதும்போதே, அக்கண்டனம் என்னைத்தான் தொடுகிறது என்பதும் தெரிகிறது. முரண்பாட்டின் எவ்வளவு பகுதி நூலின் மேல், எவ்வளவு பகுதி என் மேல் என்று இன்னமும் பிரித்தெடுக்க முடியவில்லை. வாசித்தால் இப்படியான சிக்கல்கள் வரும். வாசிக்காத அபிப்பிராயத்தில் எந்தச் சிக்கலும் இல்லை.

6

இதை ஒரு தரப்பின் நோய் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாற்றுக் கருத்தாளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் எமது நண்பர்களிடமும் இதே பழக்கம் உண்டு. தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவர் 2015 ஒக்ரோபரில் புற்றுநோயால் இறந்த பின்னர், 2016இல் வெளிவந்தது. அது அவர் எழுதியதுதானா, பிறர் கை பட்டதா என்று ஒரு பக்கத்தார் சண்டையிட்டனர். புலிகளுக்கு எதிரான சாட்சியம் கிடைத்துவிட்டது என்று மறுபக்கத்தார் அதைத் தூக்கிப் பிடித்தனர். இரு பக்கத்தாருக்கும் வேண்டியிருந்தது நாலைந்து வசனங்கள் மட்டுமே. ஒரு பெண் பத்தொன்பது வயதில் ஏன் போனாள், போன இடத்தில் எதில் பெருமை கொண்டாள், எதைக் காணாமல் விட்டாள், தோல்விக்குப் பின் தடுப்பில் இருந்துகொண்டு தன் சொந்த வாழ்க்கையை எப்படித் திருப்பி வாசித்தாள் என்ற முழு நூலும் அந்த நாலைந்து வசனங்களுக்கு வெளியே கிடந்தது. எடிசனில் அந்நூலைப் பற்றிப் பேசியவரும் அந்தச் சண்டையைத்தான் பத்து நிமிடம் விபரித்தார். நூலை அல்ல.

ஈழத்தமிழரின் நோய் மட்டும் என்றும் சொல்லமுடியாது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்த நாவல். 2014 முடிவில்தான் திருச்செங்கோட்டில் அதற்கு எதிர்ப்பு வெடித்தது. 2015 ஜனவரியில் அவர் தன்னுள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவிக்கவேண்டி வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது 2016 யூலையில். ஒரு முழு நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றையே நூல் என்று ஊருக்குக் காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அது உதாரணம். எங்கள் கூட்டத்தில் அந்த இளைஞர் பெருமாள்முருகனின் பெயரைச் சொன்னவுடன் மூன்று பேர் 'மாதொருபாகன்' விவகாரத்தைப் பற்றிக் கேட்டார்கள். 'பூக்குழி'யைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எங்களுடைய வீடுகளில் இன்னொரு பிரிவும் நடந்துவிட்டது. தகப்பன் தமிழில் வாசிக்கிறார், மகள் ஆங்கிலத்தில் வாசிக்கிறாள். ஒரே யுத்தத்தைப் பற்றிய இரண்டு புத்தக அலுமாரிகள் ஒரே வீட்டில் மேல்மாடியிலும் நிலக்கீழ் அறையிலும் இருக்கின்றன. மேலே இருப்பவள் கீழே வருவது கோப்பை எடுக்க மட்டும். நாம் அவளது மொழியிலுள்ள நூலைப் பற்றி அவளைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறோம். கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' என்று ஒரு நாவல் இருந்தது, 1985இலேயே இயக்கத்தின் உட்கொலைகளைப் பற்றி உள்ளிருந்தவர் ஒருவர் எழுதினார் என்பது அவளுக்குத் தெரியாது. சசிகலாவும் அஞ்சலியும் செய்ததற்குத் தமிழில் ஒரு முன்கதை உண்டு என்று அவளுக்குச் சொல்லக்கூடியவர்கள் நாங்கள்தான். அதைச் சொல்லாமல் மேற்குலகின் சந்தை பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

7

அடுத்த கூட்டத்துக்கு மூன்று யோசனைகளை நண்பருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். முதலாவது, முடித்த நூலைப் பற்றி மட்டும் பேசுவது. முடிக்காவிட்டால் 'இத்தனை பக்கம் வாசித்தேன்' என்று தொடக்கத்திலேயே சொல்வது. இரண்டாவது, பேச்சைத் தொடங்கும்போது, தன் முந்திய எண்ணத்துக்கு இடைஞ்சல் தந்த ஓர் இடத்தையாவது நூலிலிருந்து எடுத்துக் காட்டுவது. அப்படி ஓர் இடமும் இல்லையென்றால் அதையும் சொல்லலாம். எழுதியவரின் அரசியலையும் பழைய வரலாற்றையும் கடைசி இரண்டு நிமிடத்துக்கு வைத்துக்கொள்வது மூன்றாவது. அவற்றைப் பேசவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை நூலுக்குப் பின்னால் வரட்டும்.

நண்பர் பதில் எழுதினார்: "சேர், இந்த விதியளை வைச்சால் ஆர் பேச வருவினம்?" நாலு பேர் வந்தாலும் போதும் என்று எழுதினேன். ரஜினியின் காலத்தில் அந்த அறைகளில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அவரது மகளிடம் தொலைபேசியில் பேசினேன். அன்று நான் நாற்பது பக்கம்தான் வாசித்திருந்தேன் என்று சொன்னேன். "தெரியும் அங்கிள்" என்றாள். அடுத்த கூட்டத்தில் 'பிரதர்லெஸ் நைற்' பற்றி அவளும் நானும் சேர்ந்து பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். அவள் ஆங்கிலத்தில் பேசுவாள், நான் தமிழில். சாதி பற்றிய எனது விமர்சனத்தை அவள் ஏற்கவில்லை. ஒரு நாவல் எல்லாவற்றையும் சுமக்கவேண்டும் என்று கேட்பது நியாயமல்ல என்கிறாள். நான் இன்னமும் இணங்கவில்லை. 'புதியதோர் உலக'த்தை அவளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு தடவைக்கு ஓர் அத்தியாயம்.

2003இன் மாணவி இப்போது எங்கிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இந்தச் சஞ்சிகை அவர் கைக்குக் கிடைக்குமானால், அந்த அடிக்குறிப்பு சரியானது என்பதை இங்கு எழுதிவைக்கிறேன். ஐந்து புள்ளியையும் நான் திருப்பித் தரவேண்டும்.

இக்கட்டுரைக்கு எதிர்வினை எழுத விரும்புபவர்களை வரவேற்கிறேன். மேலே பெயர் சொன்ன நூல்களில் ஒன்றையாவது கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு எழுதினால் எமது சண்டை இன்னும் பிரயோசனமாக இருக்கும்.